அப்பா அம்மாவுக்கு சர்க்கரையான்னு கேக்குறீங்க, பிரசவத்தப்ப எப்படி இருந்துச்சுன்னும் கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நவம்பர் 14 சர்க்கரை நோய் நாளுக்கு உங்க பேப்பர்ல ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, நல்லா இருந்துச்சு. அதுல ஓரமா கட்டம் கட்டி நாலே நாலு கேள்வி, வயசு என்ன, இடுப்பு சுத்தளவு எவ்வளவு, உடம்பை அசைச்சு வேலை செய்றீங்களா, அப்பா அம்மாவுக்கு சர்க்கரை உண்டா, மார்க் போட்டு கூட்டிப் பாத்து 60-ஐ தொட்டா போய் டெஸ்ட் எடுங்கன்னு. இது சென்னை டாக்டர் மோகன் டீம் 2005-ல கொண்டு வந்த ஸ்கோர், நம்ம ஜனங்கள வச்சே கணக்குப் போட்டது, ஊசி குத்த வேணாம், ஒரு டேப் இருந்தா போதும், அத நான் குறை சொல்ல வரல. ஆனா அந்தக் கட்டத்தைப் படிக்கிறதுல பாதிப் பேர் பொம்பளைங்க, அவங்களுக்குன்னு தனியா ஒரு கேள்வி கூட அதுல இல்ல. பின்லாந்துல இதே மாதிரி ஒரு ஃபாரம் இருக்கு, அதுல எப்பவாவது ரத்தத்துல சர்க்கரை கூடுதலா இருந்துச்சா, கர்ப்பமா இருந்தப்ப உட்படன்னு கேக்குறாங்க. அமெரிக்க டயாபடீஸ் சங்கத்தோட ஃபாரத்துல பொம்பளைக்குன்னே ஒரு கேள்வி இருக்கு, கர்ப்பத்துல சர்க்கரை வந்துச்சான்னு. நம்ம ஊர்ல வீடு வீடா வந்து கேக்குற அரசாங்க ஃபாரத்துலயும் வயசு, பீடி சிகரெட், சாராயம், இடுப்பு, உடற்பயிற்சி, குடும்ப வரலாறு, இதுக்குத்தான் மார்க்கு. அப்பா அம்மாவுக்கு மார்க் உண்டு, அவ சொந்த வயித்துல நடந்ததுக்கு மார்க் கிடையாது.

நான் கிராம சுகாதார செவிலியரா இருந்து ரிட்டயர் ஆனவ, அதாவது ஊர்ல நர்சம்மான்னு கூப்பிடுவாங்களே அது. இப்பவும் பக்கத்துல கேம்ப் போட்டா ஒத்தாசைக்குக் கூப்பிடுவாங்க, போவேன். அப்படி ஒரு கேம்ப்ல நாப்பது தாண்டுன ஒரு அம்மா, ஒடிசலான உடம்பு, காட்டு வேலைக்குப் போறவங்க, ஸ்கோர் போட்டா கம்மியாத்தான் வருது, பக்கத்துல இருந்த பொண்ணு நீங்க போலாம்மான்னு அனுப்பப் பாத்துச்சு. நான் சும்மா கேட்டேன், பிள்ளைங்க எத்தனை, எடை எவ்வளவு இருந்துச்சுன்னு. "ரெண்டு நர்சம்மா, ரெண்டாவது நாலேகால் கிலோ, ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாக, அப்ப சக்கரன்னு ஊசி போட்டாக, பொறகு புள்ள பொறந்ததும் சரியாப் போச்சு." சரியாப் போச்சு! அதுக்கப்புறம் ஒரு தடவ கூட ரத்தம் எடுத்துப் பாக்கல. குத்திப் பாத்தா 260-க்கு மேல. அது விரல்ல குத்திப் பாக்குறது, அத வச்சு முடிவு சொல்ல முடியாது, முறையா லேப்ல எடுக்கச் சொல்லி அனுப்புனாங்க, அதுலயும் சர்க்கரைதான்.

இந்த "சரியாப் போச்சு"ங்கறதப் பத்தித்தான் எழுதணும்னு உக்காந்தேன்.

கர்ப்பத்துல என்ன நடக்குதுன்னா, நஞ்சுக்கொடி சில ஹார்மோனை விடுது, குழந்தைக்கு குளுக்கோஸ் தட்டில்லாம போகணும்னு அது தாயோட உடம்புல இன்சுலினோட வேலையை மந்தப்படுத்துது. அஞ்சு மாசத்துக்கு மேல இது ஏறிக்கிட்டே போகும். அத ஈடுகட்ட கணையம் வழக்கத்தை விட ரெண்டு மடங்கு, அதுக்கும் மேல இன்சுலின் சுரக்கணும். பெரும்பாலானவங்களுக்கு சுரந்துடும். யாருக்கு அந்த அளவுக்கு கை இருப்பு இல்லையோ அவங்களுக்கு சர்க்கரை ஏறுது. நெஞ்சுவலி வரும்னு சந்தேகப்பட்டா டிரெட்மில்ல ஓட விட்டுப் பாக்குறாங்கல்ல, உக்காந்திருந்தா தெரியாத கோளாறு ஓடுனா தெரியும், அது மாதிரி கர்ப்பம் கணையத்தை ஓட விட்டுப் பாக்குது. நஞ்சுக்கொடி வெளிய வந்ததும் பாரம் எறங்கிடும், சர்க்கரையும் எறங்கிடும், ஆனா கணையம் அதே பழைய கணையம்தான, அதோட பலவீனம் எங்கயும் போகல, வயசு ஏறி எடை கூடி வேலை குறைஞ்சா திரும்ப வெளிய வந்து நிக்கும்.

எவ்வளவு பேருக்குன்னு கேப்பீங்க. 2009-ல லேன்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல வந்த ஒரு தொகுப்பு, ஆறே முக்கால் லட்சம் பெண்களோட கணக்கு, கர்ப்பகால சர்க்கரை வந்தவங்களுக்கு பின்னால டைப் 2 சர்க்கரை வர்ற வாய்ப்பு வராதவங்கள விட ஏழு மடங்குக்கு மேலன்னு சொல்லுச்சு. 2020-ல பிஎம்ஜே பத்திரிகைல இன்னொண்ணு, 13 லட்சம் பெண்கள், அதுல கிட்டத்தட்ட பத்து மடங்கு. பத்து மடங்குன்னா எல்லாருக்கும் வந்தே தீரும்னு இல்ல, வராமலே இருக்கறவங்களும் நிறைய, அதனால இதப் படிச்சுட்டு யாரும் கலங்கிப் போக வேணாம். ஆனா அப்பாவுக்கு இருந்துச்சா அம்மாவுக்கு இருந்துச்சான்னு நாம அவ்வளவு அக்கறையா விசாரிக்கிறோமே, அத விடப் பெரிய தடயம் இது. அதுவும் ரொம்ப நாள் கழிச்சு வர்ற விஷயம்னு நெனைக்காதீங்க, பிரசவம் ஆகி முதல் அஞ்சு வருஷத்துலயே வேகமா ஏறுதுன்னு பழைய ஆய்வுகளே சொல்லியிருக்கு.

சர்க்கரை மட்டும்னு இல்ல. கர்ப்பத்துல பிரஷர் ஏறி, கால் மொகமெல்லாம் வீங்கி, எட்டாம் மாசமே குழந்தைய எடுக்கற மாதிரி ஆச்சுன்னா, கனடாவுல ஒண்டாரியோ மாகாணத்துல பத்து லட்சம் பெண்கள வச்சுப் பாத்ததுல அவங்களுக்கும் பின்னால சர்க்கரை வர்றது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பிசிஓடி, அதான் சினைப்பை நீர்க்கட்டின்னு சொல்வாங்களே, அது இருக்கறவங்களுக்கும் கூடுதல்தான், டென்மார்க்ல நாலு மடங்குன்னு பாத்திருக்காங்க, நம்ம வீட்டுப் பொண்ணுங்கள்ல பிசிஓடி எத்தனை பேருக்குன்னு உங்களுக்கே தெரியும், எல்லாம் குழந்தை பொறக்கணும்னு ஓடறதோட சரி, குழந்தை பொறந்ததும் பிசிஓடியே போயிடுச்சுன்னு நெனைச்சுக்கறாங்க. அதே டென்மார்க்ல கரு கலைஞ்சதையும் கணக்கெடுத்தாங்க, ஒரு தடவ கலைஞ்சவங்களுக்கு 18 சதவீதம் கூடுதல், ரெண்டு தடவன்னா 38, மூணும் அதுக்கு மேலயும்னா 71. கலைஞ்சதாலதான் சர்க்கரை வருதுன்னு அர்த்தமில்ல, ரெண்டுக்கும் அடியில பொதுவா ஏதோ இருக்கலாம், எடை, ஹார்மோன், என்னவோ. ஆனா இந்த விஷயத்தை மாமியார்கிட்ட கூட சொல்லாம மறைக்கிறவங்க இருக்காங்க, பின்ன கேம்ப்ல பத்து பேர் முன்னாடி கேட்டா எப்படி சொல்லுவாங்க, அதனால கேக்குற விதமும் இருக்கு, தனியா கூப்பிட்டுக் கேக்கணும்.

சீக்கிரமே வயசுக்கு வந்தவங்க, நாப்பதுக்குள்ள மாதவிடாய் நின்னவங்க, இவங்களுக்கும் கூடுதல்னு ஐரோப்பாவுல பெரிய பெரிய ஆய்வெல்லாம் இருக்கு. நெதர்லாந்துல ராட்டர்டாம்ல நாப்பதுக்கு முன்னாடி நின்னவங்கள 55-க்கு மேல நின்னவங்களோட ஒப்பிட்டா மூணரை மடங்குக்கும் மேலன்னு வந்துச்சு, வேற ஆய்வுல அவ்வளவு இல்ல, கொஞ்சம்தான். அதனால அந்த நம்பரை நான் ரொம்பப் பிடிச்சுத் தொங்க மாட்டேன். ஆனா முப்பத்தஞ்சு வயசுல கர்ப்பப்பையோட சினைப்பையையும் சேத்து எடுத்துட்டு வந்து "தொல்லை விட்டுச்சு"ன்னு உக்காந்திருக்கற அக்காமாரைப் பாத்தா எனக்கு இது ஞாபகம் வரத்தான் செய்யுது.

நல்ல சேதியும் ஒண்ணு இருக்கு, தாய்ப்பால். அமெரிக்க நர்சுங்களயே வச்சு செஞ்ச ஆய்வு 2005-ல வந்துச்சு, பால் குடுத்த ஒவ்வொரு வருஷத்துக்கும் சர்க்கரை வர்ற வாய்ப்பு 15 சதவீதம் குறையுதுன்னு. அப்புறம் 2018-ல அங்கயே முப்பது வருஷம் பின்தொடர்ந்து பாத்த இன்னொரு ஆய்வுல, எல்லாக் குழந்தைக்கும் சேத்து ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ பால் குடுத்தவங்களுக்கு, குடுக்கவே குடுக்காதவங்கள விட 47 சதவீதம் கம்மி. இதெல்லாம் கவனிச்சுப் பாத்த கணக்குதான், நீ குடு நீ குடுக்காதன்னு பிரிச்சு சோதிச்சது இல்ல, அப்படி சோதிக்கவும் முடியாது. குழந்தைக்கு நல்லதுன்னு மட்டும் சொல்லிக்கிட்டு இருந்தோம், தாய்க்கும் நல்லதுன்னு சேத்து சொன்னா கேக்கறவங்களுக்கு ஒரு பிடிப்பு வரும். ஒண்ணு சொல்லணும், சர்க்கரை இருந்த தாய்க்கு பால் ஊற ஒண்ணு ரெண்டு நாள் தாமதம் ஆகலாம், உடனே பால் பத்தலன்னு டப்பா பாலை வாங்கிட்டு ஓடி வர்றாங்க பாருங்க, அங்கதான் ஒரு நர்ஸ் பக்கத்துல உக்காரணும்.

சரி, கண்டுபிடிக்கிற வேலைல நாம சோடை இல்ல. தமிழ்நாட்டுல 2007-லயே எல்லா கர்ப்பிணிக்கும் சர்க்கரை டெஸ்ட் கட்டாயம்னு ஆர்டர் வந்துடுச்சு, நாட்டுலயே முதல்ல செஞ்சது நாமதான்னு பெருமையா சொல்லலாம். அதுக்குப் பின்னால இருந்தவர் நம்ம சென்னை டாக்டர் சேஷையா, 2022-ல பத்மஸ்ரீ வாங்குனவர், அவர் பொறந்த நாள் மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகால சர்க்கரை விழிப்புணர்வு நாளா வச்சிருக்கு. அவங்க குழு சொன்ன டெஸ்ட் ரொம்ப எளிசு, வெறும் வயித்துல வரணும்னு கூட இல்ல, 75 கிராம் குளுக்கோஸ 300 மில்லி தண்ணில கரைச்சுக் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரே ஒரு ரத்தம், 140-ம் அதுக்கு மேலயும்னா சர்க்கரை. கிராமத்துலேருந்து பஸ் பிடிச்சு வர்ற பொண்ண பட்டினியா வான்னு சொன்னா வருவாளா, அதப் புரிஞ்சு செஞ்ச டெஸ்ட் அது. செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து பாருங்க, பெஞ்ச் முழுக்க ஏ.என். மதர்ங்க, அதாவது கர்ப்பிணிங்க, டம்ளரும் கையுமா உக்காந்திருப்பாங்க, இனிப்பு குமட்டும், ஒருத்தி வாந்தி எடுத்தா பக்கத்துல இருக்கறவளும் எடுப்பா, அரை மணிக்குள்ள வாந்தி வந்துட்டா மறுநாள் திரும்ப முதல்லேருந்து. அவ்வளவு பாடுபட்டு கண்டுபிடிச்சு, ஹை ரிஸ்க் மதர் லிஸ்ட்ல பேர் ஏத்தி, சாப்பாடு சொல்லி, மாத்திரை இன்சுலின் குடுத்து, பிரசவத்தையும் பத்திரமா முடிச்சு அனுப்புறோம்.

அதோட சங்கிலி அறுந்துடுது.

மத்திய அரசு வழிகாட்டுதல்லயே தெளிவா இருக்கு, கர்ப்பகால சர்க்கரை வந்தவங்களுக்கு பிரசவம் ஆகி ஆறாவது வாரம் திரும்ப அதே 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட் செய்யணும்னு. எழுத்துல இருக்கு. ஆனா அந்த ஆறாவது வாரம் அவ எங்க இருப்பா? பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருப்பா. அட்டை போட்டது புருஷன் ஊர்ல, பிரசவம் பெரியாஸ்பத்திரில, இப்ப இருக்கறது அம்மா ஊர்ல, மூணாம் மாசமோ அஞ்சாம் மாசமோதான் நாள் பாத்து திரும்ப வருவா. இந்த மூணு இடத்துல எந்த நர்சம்மா அவளுக்குப் பொறுப்பு? பேரு கம்ப்யூட்டர்ல இருக்கும், ஆளு இருக்க மாட்டா. அம்மா வீட்டுல என்ன நடக்கும்னு நமக்குத் தெரியாதா, பத்தியம், பூண்டு, நெய்யி, கருப்பட்டி போட்டுக் கிண்டுன பிரசவ லேகியம் காலையில ஒரு உருண்டை சாயங்காலம் ஒரு உருண்டை, பச்ச உடம்புக்காரி அசையக் கூடாதுன்னு பாயிலயே படுக்க வைக்கிறது. ஆசையாத்தான் செய்றாங்க, நான் கிண்டல் பண்ணல, என் மகளுக்கு நானே லேகியம் கிண்டுனேன். ஆனா சர்க்கரை இருந்த பொண்ணுக்கு அளவு பாத்துக் குடுங்கன்னு சொல்ல அந்த ஊர்ல ஆள் வேணும்ல.

ஆனா ஆறாவது வாரம் அவ ஒரு எடத்துக்கு கண்டிப்பா வருவா, குழந்தைக்கு 45 நாள் ஊசிக்கு. அம்மா வீட்டுல இருந்தாலும் சரி, மாமியார் வீட்டுல இருந்தாலும் சரி, புதன்கிழமை வந்துடுவா, பாட்டி துண்டுல சுத்தித் தூக்கிக்கிட்டு வந்துடும். பென்டா ஊசி, போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு எல்லாம் குழந்தைக்கு நடக்குது, பெத்தவ சும்மா உக்காந்திருக்கா. வந்து டோக்கன் போட்டதுமே அவ கையில குளுக்கோஸ் டம்ளரைக் குடுத்துட்டா என்ன கெட்டுப் போச்சு? குழந்தைக்கு எடை பாத்து, வரிசைல நின்னு, ஊசி போட்டு, காய்ச்சல் மருந்து வாங்கி, அரை மணி நேரம் உக்கார வச்சு, நடுவுல ஒரு தடவ பால் குடுத்துன்னு அந்த ரெண்டு மணி நேரம் தன்னால ஓடிடும். கையில இருக்கற தாய் சேய் அட்டைல "ஜிடிஎம்"னு, அதாவது கர்ப்பகால சர்க்கரைன்னு, சிவப்பு மையில எழுதியிருந்தா எந்த ஊர் நர்சுக்கும் பாத்ததும் தெரியும். புது ஆள் வேணாம், புது மெஷின் வேணாம், குளுக்கோஸ் பாக்கெட் செவ்வாய்க்கிழமை மிச்சம் இருக்கறதே போதும். மூணு மாச சராசரி காட்டுற அந்த ஹெச்பிஏ1சி டெஸ்ட் எடுத்தா போதாதான்னு சிலர் கேப்பாங்க, பிரசவத்துல ரத்தம் போயிருக்கும், ரத்தசோகை வேற இருக்கும், அந்த நேரத்துல அதை நம்ப முடியாது, குளுக்கோஸ் குடிச்சுப் பாக்கறதுதான் சரி.

முத்துலட்சுமி ரெட்டி பிரசவ உதவித் திட்டத்துல தவணை தவணையா பணம் குடுக்கறாங்கல்ல, டெஸ்ட் எடுத்தாத்தான் தவணைன்னு இதை அதோட முடிச்சுப் போட்டுடலாம்னு ஒரு மீட்டிங்ல ஒருத்தர் சொன்னாரு. எனக்கு அதுல துளியும் உடன்பாடு இல்ல. டெஸ்ட் நடக்காததுக்கு முக்கால்வாசி காரணம் நம்ம பக்கம், பணத்தை இழக்கறது அவ பக்கமா?

ஆறாவது வாரம் நார்மல்னு வந்தாலும் கதை முடியல. வருஷத்துக்கு ஒரு தடவ, போனா போகுது மூணு வருஷத்துக்குள்ள ஒரு தடவையாவது ஆயுசுக்கும் பாத்துக்கிட்டே இருக்கணும். இங்கதான் நம்ம ஊர்ல ஒரு பெரிய ஓட்டை. இருபத்திரெண்டு வயசுல ஒண்ணு, இருபத்தஞ்சுல ஒண்ணு, ரெண்டாவதோட குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் முடிஞ்சுடும், அதுக்கப்புறம் அவ எந்த நர்சம்மா லிஸ்ட்லயும் இல்ல. குழந்தைக்கு ஊசி முடியுற வரைக்கும் குழந்தையோட அம்மாவா வருவா, அதோட சரி. வீட்டுக்கே வந்து சர்க்கரை பிரஷர் பாக்குற மக்களைத் தேடி மருத்துவம் 2021-லேருந்து நடக்குது, நல்ல திட்டம், ஆனா வயசானவங்களையும் ஏற்கனவே மாத்திரை சாப்பிடறவங்களையும் தேடித்தான் மனசு போகும், இருபத்தெட்டு வயசுல ஓடியாடி வேலை செய்ற பொண்ணைப் பாத்து யாருக்கு சந்தேகம் வரும்? முப்பது வயசுலேருந்து ஸ்க்ரீனிங்னு இருந்தா இருபத்தஞ்சுலேருந்து முப்பது வரைக்கும் அந்த அஞ்சு வருஷம், நான் மேல சொன்னேனே வேகமா ஏறுற காலம்னு, அது அப்படியே விட்டுப் போயிடுது.

கண்டுபிடிச்சு என்ன பண்ணப் போறோம்னு கேக்கறவங்களுக்கும் பதில் இருக்கு. அமெரிக்காவுல டயாபடீஸ் தடுப்பு ஆய்வுன்னு பெருசா ஒண்ணு நடந்துச்சு, சர்க்கரை எல்லைக்கோட்டுல இருந்தவங்கள வச்சு. அதுல முன்னாடி கர்ப்பகால சர்க்கரை வந்தவங்கள மட்டும் தனியா பிரிச்சுப் பாத்தப்ப, சாப்பாடு நடைப்பயிற்சின்னு கூடவே நின்னு மாத்துனதுல சர்க்கரை நோயா மாறுறது ஏறக்குறைய பாதியா கொறைஞ்சுது, மெட்ஃபார்மின் மாத்திரையும் கிட்டத்தட்ட அதே அளவு பலன் குடுத்துச்சு. கர்ப்பத்துல சர்க்கரை வராத பொம்பளைங்களுக்கு அந்த மாத்திரை அவ்வளவு பலன் குடுக்கல, 14 சதவீதம்தான். அதாவது பிரசவத்தப்ப என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சா வைத்தியமே மாறலாம். மாத்திரைய நீங்களா கடைல வாங்கிப் போட்டுக்காதீங்க, அது டாக்டர் முடிவு பண்ண வேண்டியது.

அதே நேரம் சும்மா ஒப்புக்கு அட்வைஸ் பண்ணுனா வேலைக்கு ஆகாதுங்கறதையும் சொல்லிடணும். இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் மூணு நாட்டுலயும் 1,600 தாய்மார்கிட்ட ஒரு ஆய்வு, 2022-ல முடிவு வந்துச்சு. பிரசவம் ஆனவங்களுக்கு சில வகுப்பு, போன்ல மெசேஜ், இப்படி லேசான உதவி ஒரு வருஷம். உதவி கெடைச்ச பக்கமும் கெடைக்காத பக்கமும் பெருசா வித்தியாசமே இல்ல, ரெண்டு பக்கமும் சுமார் நாலுல ஒருத்தருக்கு சர்க்கரை நிலைமை மோசமாச்சு. எனக்கு இதுல ஆச்சரியமே இல்ல. கைக்குழந்தையோட ராத்திரி தூங்காத பொண்ணு, விடிஞ்சா வீட்டு வேலை, அவகிட்ட போய் தினம் நாப்பது நிமிஷம் நடன்னு மெசேஜ் அனுப்புனா புள்ளைய யார்கிட்ட குடுத்துட்டு நடப்பா? அந்த மெசேஜை புருஷனுக்கும் மாமியாருக்கும் அனுப்பிருந்தா கூட கொஞ்சம் நடந்திருக்கும்.

இதப் படிக்கிற அக்கா தங்கச்சிங்க, உங்களுக்கு கர்ப்பத்துல சர்க்கரை இருந்திருந்தா, நாலு கிலோவுக்கு மேல குழந்தை பொறந்திருந்தா, பிரஷர் ஏறியிருந்தா, வருஷம் எத்தனை ஆயிருந்தாலும் பரவால்ல, பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் எனக்கு அப்ப இப்படி இருந்துச்சு, குளுக்கோஸ் டெஸ்ட் பண்ணுங்கன்னு நீங்களே வாய விட்டுச் சொல்லுங்க, அவங்களா கேக்க மாட்டாங்க. அடுத்த குழந்தைக்கு யோசிக்கிறீங்கன்னா அதுக்கு முன்னாடியே பாருங்க, ஏன்னா கரு தங்குன மொத சில வாரத்துலயே சர்க்கரை கூடுதலா இருந்தா குழந்தையோட இதயம், முதுகுத்தண்டு உருவாகறதுல கோளாறு வரலாம், மூணாம் மாசம் வந்து கண்டுபிடிச்சா தாமதம்.

பிரைவேட் ஆஸ்பத்திரிக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை, ஏன்னா எல்லாத்தையும் கவர்மெண்ட் தலையிலயே கட்ட முடியாது. பிரசவம் முடிஞ்சு குடுக்கற டிஸ்சார்ஜ் சம்மரில ஏதோ ஒரு மூலைல இங்கிலீஷ்ல மூணு எழுத்து இருக்கும், அதோட சரி, வீட்டுல யாருக்கும் அது என்னன்னு தெரியாது, குழந்தையோட பிறப்புச் சான்றிதழை லேமினேட் பண்ணி வைப்பாங்க, இந்தப் பேப்பர் பழைய பேப்பரோட போயிடும். அதுல முதல் பக்கத்துல பெருசா தமிழ்ல ரெண்டே வரி எழுதிக் குடுங்க: உங்களுக்கு கர்ப்பத்துல சர்க்கரை இருந்தது, இந்தத் தேதிக்கு குளுக்கோஸ் டெஸ்டுக்கு வாங்க. தேதியை நீங்களே போட்டுக் குடுங்க, குழந்தையோட 45 நாள் ஊசி தேதியாவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தேனி மாவட்டம்.